'நான்' எண் அல்ல

அப்பாவின் இனிப்புநீர்க் கணக்கில் ஒருநாள் மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. அவற்றைத் துரத்திவிட்ட பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்கியது.

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்திலிருந்து வெளியே வந்தேன். கைப்பேசியைப் பார்த்தால் அப்பா மூன்று முறை அழைத்திருந்தார். ஈப்போவில் தனியாக இருக்கிறார். வயது 71. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இனிப்புநீர். ஒரு தடவை அழைத்துவிட்டு, "அவளே கூப்பிடுவா" என்று சும்மா இருந்துவிடுகிற மனிதர் மூன்று தடவை அழைத்திருக்கிறார் என்றால், கை நடுங்கத்தானே செய்யும்?

"ஏம்மா, பாப்பா செஞ்சு குடுத்த கணக்குல 'நான்'னு வருது. யாரும்மா அந்த நான்?" என்றார்.

பாப்பா என்பது என் அண்ணன் மகள். பாலிடெக்னிக்கில் கணினித்துறை, இரண்டாம் ஆண்டு. தீபாவளி விடுமுறைக்கு வந்தவள், தாத்தா ஒரு பழைய நாட்காட்டியின் ஓரத்தில் இனிப்பு அளவை எழுதிவைத்திருப்பதைப் பார்த்து, அவர் கைப்பேசியில் திறக்கிற மாதிரி ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு பெட்டிகள். காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி அளந்த எண்ணை அன்றைய பெட்டியில் போட வேண்டும். கீழே வாரச் சராசரி வரும். சராசரி 7-ஐத் தாண்டினால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. கிளினிக்கில் மருத்துவர் அப்பாவுக்குச் சொல்லிவைத்த எல்லை அந்த 7.

அந்த வாரம் சராசரி வரவேண்டிய இடத்தில் எண் வரவில்லை. ஆங்கிலத்தில் என், ஏ, என் என்று மூன்று எழுத்துகள். அப்பா அதைச் சேர்த்துப் படித்தால் 'நான்'.

"பச்சையிலதான் இருக்கு. அப்ப நல்லதுதானே?" என்றும் கேட்டார்.

நான் ஊடகம் படித்தவள். கோடிங் எனக்கு வராது. பாப்பாவுக்குப் புலனத்தில் குரல்பதிவு அனுப்பினேன். அன்று அவள் தந்த பதிலில் தொடங்கி, அடுத்த நான்கு மாதங்களில் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இந்த 'நான்' நம் எல்லார் கைப்பேசியிலும், நாம் நம்பி முடிவெடுக்கும் எல்லாக் கணக்கிலும் ஒளிந்திருக்கிறது.

யார் அந்த 'நான்'?

'நாட் எ நம்பர்' என்பதன் சுருக்கம் அது. எண் அல்ல என்று பொருள். கணினியிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, அதற்கு எண்ணாக ஒரு விடை சொல்லவே முடியாது என்ற நிலை வரும்போது, அது இந்தக் குறியை வைக்கிறது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் வரும். மைனஸ் 1-க்கு வர்க்கமூலம் கேட்டால் வரும். எண்ணே இல்லாத ஒரு பெட்டியை எண்ணாக மாற்றச் சொன்னாலும் வரும். அப்பா வீட்டில் நடந்தது மூன்றாவது.

அந்த வாரம் அப்பா ஐந்து நாள்தான் அளந்திருந்தார். 8.4, 9.1, 8.8, 9.5, 9.2. புதனும் சனியும் காலி. பாப்பாவின் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டது. காலிப் பெட்டியை எண்ணாக மாற்று என்று அவள் 'பார்ஸ்ஃபுளோட்' என்ற கட்டளையிடம் சொல்லியிருந்தாள். அது 'நான்' என்றது. ஐந்து நல்ல எண்களோடு ஒரு 'நான்'-ஐக் கூட்டினால் மொத்தமும் 'நான்' ஆகிவிடும். பால் குடத்தில் விழுந்த துளி மோர் மாதிரி. பிறகு அதை எதனால் பெருக்கினாலும் வகுத்தாலும் அப்படியே இருக்கும்.

இது குறையாகத் தெரியலாம். உண்மையில் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

1970-களில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் தசமக் கணக்கை அதனதன் வழியில் செய்தது. ஒன்றில் சரியாக ஓடிய நிரல் இன்னொன்றில் வேறு விடை தந்தது. கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் கஹான் இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். 1980-இல் வெளிவந்த இன்டெல் 8087 சில்லின் வடிவமைப்பில் அவர் பங்கு உண்டு. 1985-இல் ஐ.இ.இ.இ. 754 என்ற பொதுத் தரம் வந்தது. அந்தப் பணிக்காகக் கணினித்துறையின் உயரிய விருதான டூரிங் விருது 1989-இல் அவருக்குக் கிடைத்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் கைப்பேசி தசம எண்களைக் கையாள்வது அந்தத் தரத்தின் வழியில்தான்.

இந்த வகை எண்களுக்கு மிதவைப் புள்ளி எண்கள் என்று பெயர். தசமப் புள்ளி தேவைக்கேற்ப நகரும் என்பதால் அந்தப் பெயர். பொதுவாக ஓர் எண்ணுக்கு 64 பிட் இடம் ஒதுக்குவார்கள். அதில் 1 பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு, 11 பிட் எண்ணின் பருமனுக்கு, 52 பிட் இலக்கங்களுக்கு. பருமனுக்கான 11 பிட்டும் 1 ஆகிவிட்டால் அது சாதாரண எண் அல்ல. முடிவிலியாகவோ 'நான்' ஆகவோ இருக்கும். எண் இருக்க வேண்டிய அதே பெட்டிக்குள்ளேயே "இங்கே எண் இல்லை" என்று எழுதிவைக்க இடம் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஜாவாஸ்கிரிப்டிடம் 'நான்' எந்த வகை என்று கேட்டால், "எண் வகை" என்று பதில் வரும். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது குடியிருக்கும் வீடு எண்களின் வீடுதான்.

ஏன் நின்றுவிடக் கூடாது?

தப்பு என்று தெரிந்தால் நின்றுவிடலாமே, எதற்கு ஒரு குறியைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும் என்று பாப்பாவிடம் கேட்டேன். பைத்தான் மொழி அப்படித்தான் செய்யும் என்றாள். 1-ஐப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் பைத்தான் பிழை என்று நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்ட் முடிவிலி என்று சொல்லிவிட்டுத் தொடரும்.

நின்றுவிடுவது எப்போதும் பாதுகாப்பு அல்ல. 1996 ஜூன் 4-ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் நான்கு செயற்கைக்கோள்களோடு முதன்முறையாகக் கிளம்பியது. உள்ளிருந்த கணினி ஒன்று, 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. 16 பிட்டில் 32,767 வரைதான் கொள்ளும். வந்த எண் அதைவிடப் பெரியது. இப்படி நடந்தால் என்ன செய்வது என்று அந்த இடத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை. கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றாக வைத்திருந்த இன்னொரு கணினியும் அதே நிரலோடு ஓடியதால் அதே காரணத்துக்காக நின்றிருந்தது. ராக்கெட் திசைமாறி, கிளம்பிய 40 விநாடிகளுக்குள் வானில் அழிந்தது. இதில் வேதனை என்னவென்றால், ராக்கெட் மேலே கிளம்பிய பிறகு அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

நிற்பதா, குறியோடு தொடர்வதா என்பதை மனிதன்தான் முன்கூட்டியே யோசித்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் கணினி தன் வழக்கப்படி ஏதோ ஒன்றைச் செய்யும்.

பச்சை வந்தது எப்படி?

அப்பா கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எண்ணே இல்லை என்னும்போது நிறம் ஏன் பச்சை?

'நான்'-க்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த ஒப்பீட்டுக்கும் அது உடன்படாது. நீ 7-ஐ விடப் பெரியவனா? இல்லை. 7-ஐ விடச் சிறியவனா? இல்லை. 7-க்குச் சமமா? இல்லை. உனக்கு நீயே சமமா? அதற்கும் இல்லை.

கடைசிப் பதில்தான் பலரைக் குழப்பும். இப்படி யோசித்துப் பாருங்கள். வகுப்பில் இரண்டு மாணவர்கள் தேர்வுக்கு வரவில்லை. இருவரின் மதிப்பெண் கட்டமும் காலி. அதற்காக இருவரும் ஒரே மதிப்பெண் என்று சொல்ல முடியுமா? தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பாப்பா எழுதிய விதி "7-ஐ விடப் பெரிது என்றால் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை." 'நான்' பெரியது இல்லை என்றதும் அது பச்சைப் பக்கம் போய்விட்டது. விதியைத் திருப்பி, "7 அல்லது அதற்குக் குறைவு என்றால் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு" என்று எழுதியிருந்தால், அதே 'நான்' சிவப்பில் நின்றிருக்கும். உயிரோடு சம்பந்தப்பட்ட கணக்கில், சந்தேகத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

பூஜ்யம் சொன்ன பொய்

பாப்பா அன்று இரவே பக்கத்தைத் திருத்தினாள். ஒரே ஒரு சொல்தான் மாற்றினாள். 'பார்ஸ்ஃபுளோட்' இருந்த இடத்தில் 'நம்பர்'. இரண்டும் எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளைகள்தான். ஆனால் காலிப் பெட்டியைக் கொடுத்தால் முன்னது 'நான்' என்கிறது, பின்னது பூஜ்யம் என்கிறது. ஒரே மொழிக்குள் இரண்டு கட்டளைகள், இரண்டு பதில்கள்.

மூன்று எழுத்துகள் மறைந்தன. சராசரி எண்ணாக வந்தது. 6.4. பச்சை.

அப்பாவுக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான். பொய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் அளந்த ஐந்து எண்களின் கூட்டுத்தொகை 45. ஐந்தால் வகுத்தால் 9.0. ஆனால் பக்கம் இரண்டு காலி நாள்களையும் பூஜ்யமாக எண்ணி, 45-ஐ ஏழால் வகுத்தது. மனிதன் உயிரோடு இருக்கும்போது இரத்தத்தில் இனிப்பு பூஜ்யமாக இருக்க முடியுமா? கணினிக்கு அது தெரியாது.

அப்பா அளக்க மறந்த நாள்கள் கூடக் கூட, சராசரி இறங்கிக்கொண்டே வந்தது. அவர் நன்றாக இருக்கிறார் என்று நாங்கள் நம்பினோம். 'கூராங் மானிஸ்' என்று சொல்லி வாங்கிக்கொண்டிருந்த தே தாரிக், எப்போது வழக்கமான இனிப்புக்குத் திரும்பியது என்று அவருக்கே நினைவில்லை.

ஜனவரியில் கிளினிக் போனார். மூன்று மாத இனிப்பு நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 8-க்கு மேல் வந்தது. "உங்கள் கைப்பேசிக் கணக்குக்கும் இதற்கும் பொருந்தவில்லையே" என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பாத நரம்பையும் கண்ணையும் சோதிக்கத் தேதி கொடுத்தார்கள்.

பாப்பா அன்றிரவு தொலைபேசியில் அழுதாள். "அத்தை, நான் அந்த எழுத்து வரக் கூடாதுன்னு மட்டும்தான் பார்த்தேன். அது ஏன் வந்துச்சுன்னு பார்க்கல."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 6.4 என்று பார்த்ததும் சந்தோஷப்பட்டவள் நான். ஐந்து எண்களில் ஒன்றுகூட 8-க்குக் கீழே இல்லையே, சராசரி எப்படி 6.4 வரும் என்று கேட்க கோடிங் தெரிய வேண்டியதில்லை.

தைப்பூச வாரம்

மூன்றாவது முறை அவள் கவனமாக எழுதினாள். காலிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, அளந்த நாள்களை மட்டும் கூட்டி, அளந்த நாள்களின் எண்ணிக்கையால் வகுப்பது. வாரத்தின் மிக உயர்ந்த அளவும் தனியாகத் தெரியும். ஒழுங்காக ஓடியது. பிறகு தைப்பூசம் வந்தது. அப்பா பினாங்கில் சித்தப்பா வீட்டில் போய்த் தங்கிவிட்டார். அளக்கும் கருவியை ஈப்போவிலேயே மறந்துவிட்டார். ஏழு பெட்டியும் காலி.

சராசரி: மறுபடியும் 'நான்'. மிக உயர்ந்த அளவு: மைனஸ் முடிவிலி.

"பாப்பா, நான் செத்துட்டேனா?" என்று அப்பா கேட்டாராம்.

விளக்கம் எளிது. கூட்டுத்தொகை பூஜ்யம், அளந்த நாள்களும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன என்பது பழைய கேள்வி. 628-இல் பிரம்மகுப்தர் அதற்குப் பூஜ்யம் என்றே விடை எழுதினார். இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும் என்பதால், விடை இதுதான் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. ஆகவே 'நான்'.

மைனஸ் முடிவிலி வந்த கதை இன்னும் சுவையானது. ஒரு பட்டியலில் பெரிய எண்ணைத் தேடும்போது, கணினி மிகச் சிறியதிலிருந்து தொடங்கி, அதைவிடப் பெரியது வர வர மாற்றிக்கொண்டே போகும். மிகச் சிறியது எது? மைனஸ் முடிவிலி. பட்டியலில் ஒருவருமே இல்லையென்றால் அது மாறாமல் அங்கேயே நிற்கும்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு விசித்திரப் பிள்ளை மைனஸ் பூஜ்யம். மைனஸ் 0.2-ஐ முழு எண்ணாக்கிக் காட்டச் சொன்னால் சில நேரம் திரையில் மைனஸ் பூஜ்யம் என்று வரும். சாதாரணப் பூஜ்யத்துக்குச் சமம்தான். ஆனால் 1-ஐ அதனால் வகுத்தால் மைனஸ் முடிவிலி வரும். அப்பாவின் கணக்கில் இது வரவில்லை, நல்லவேளை.

பாப்பாவை உண்மையில் திடுக்கிட வைத்தது அடுத்த வாரம். மாத வரைபடத்தில் தைப்பூச வாரம் பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது. அவள்தான் பூஜ்யத்தை ஒழித்துவிட்டாளே, எப்படித் திரும்பி வந்தது? தரவைச் சேமிக்க அவள் பயன்படுத்திய ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் 'நான்'-க்கு இடமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் அதைச் சேமிக்கும்போது 'நல்', அதாவது வெறுமை என்று எழுதிவிடுகிறது. திரும்ப எடுத்து எண்ணாக மாற்றினால் 'நல்' பூஜ்யமாகிறது. வாசலில் விரட்டிய பொய் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது.

காலிப் பெட்டி சொன்ன கதை

இப்போது பக்கம் இப்படிக் காட்டுகிறது: "7 நாளில் 5 நாள் அளந்தீர்கள். சராசரி 9.0. புதன், சனி அளவு இல்லை." ஒரு நாள்கூட அளக்காவிட்டால் எண்ணும் இல்லை, நிறமும் இல்லை. "இந்த வாரம் அளவு இல்லை" என்று தமிழில் ஒரு வரி.

அந்த வரி வந்த பிறகுதான் நான் இன்னொன்றைக் கவனித்தேன். அப்பா அளக்காத நாள்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்கு மறுநாள். கோயில் அன்னதானத்துக்கு மறுநாள். நண்பர்களோடு ரொட்டி சானாய்க் கடையில் இரவு உட்கார்ந்ததற்கு மறுநாள். மறதி இல்லை. எண் கூடுதலாக வரும் என்று தெரிந்த நாள்களில் அவர் விரலைக் குத்தவே இல்லை. ஆகவே 9.0 என்பதும் முழு உண்மை இல்லை. உண்மையான சராசரி அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். காலிப் பெட்டியை ஒதுக்கிவிடுவதும் ஒரு வகையில் அதை மறைப்பதுதான்.

வானொலியில் எங்களுக்கு இது பழகிய பாடம். நேயர் கருத்துக்கு வரிகளைத் திறந்துவைக்கிறோம். அழைக்காதவர்களுக்குக் கருத்து இல்லை என்று பொருளா? அழைத்தவர்களை மட்டும் வைத்து "நேயர்கள் சொல்கிறார்கள்" என்று நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்லும்முன் ஒரு கணம் யோசிக்கிறேன்.

வீட்டுக்கும் வேலைக்கும் சில குறிப்புகள்

சங்கக் கணக்கு, பள்ளி மதிப்பெண் எழுதுபவர்களுக்கு: எக்செலில் சராசரி எடுக்கும்போது காலிக் கட்டம் கணக்கில் சேராது, பூஜ்யம் போட்ட கட்டம் சேரும். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு 0 போடுவதும் காலியாக விடுவதும் இரண்டு வேறு முடிவுகள். எது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் இளையோருக்கு: பயனர் தரும் எண்ணை வாசலிலேயே சோதியுங்கள். 'நான்'-ஐக் கண்டுபிடிக்க 'நம்பர்.இஸ்நான்' என்ற கட்டளை இருக்கிறது. சமக்குறி போட்டுத் தேடினால் ஒருநாளும் அகப்படாது. முடிவிலியையும் சேர்த்துத் தடுக்க 'நம்பர்.இஸ்ஃபைனைட்' போதும். இல்லாததற்கெல்லாம் பூஜ்யம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கத்தை விடுங்கள்.

பைத்தானில் தரவு ஆய்வு செய்பவர்களுக்கு: சராசரி கேட்டால் நம்பை 'நான்' என்றே திருப்பித் தரும். பாண்டாஸ் சொல்லாமலே அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியைத் தரும். எத்தனை ஒதுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

எல்லாருக்கும்: திரையில் வரும் சராசரியை நம்பும்முன், அது எத்தனை எண்களின் சராசரி என்று கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா அழைத்தார். ஒரே ஒரு முறைதான். "நேத்து உங்க மாமா வீட்டு விசேஷம். இன்னிக்குக் காலையில அளக்கலாமா வேண்டாமான்னு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"அளந்துட்டேன். 11.3."

சிவப்பாக வந்திருக்கும். பாப்பாவுக்கு உடனே செய்தி அனுப்பினேன். பெட்டி காலியாக இல்லை என்று.